யார் தந்தார் அந்தக் கஞ்சியை?
மடவளையில் ஆற்றிய சொற்பொழிவு



துன்ப காலத்தில் கிறிஸ்தவ விசுவாசமும் ஊக்கமும் எங்கே கிடைக்கின்றன? இதுதான் இன்றைய பொருள்.

நோய் வந்த வீட்டில் இந்தக் கேள்வி எழும்புகிறது. கடன் ஏறிய வீட்டில் எழும்புகிறது. பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கிறது. அந்த வீடுகளுக்கு நாம் என்ன கொண்டு போகிறோம்? பெரும்பாலும் வார்த்தைகளைக் கொண்டு போகிறோம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறோம். எல்லாம் நன்மைக்கே என்கிறோம். சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

வேதாகமம் அப்படிச் செய்யவில்லை. எலியா தீர்க்கதரிசியின் கதையைப் பாருங்கள். யேசபேல் அரசி உயிரை வாங்குவேன் என்று சபதம் போட்டபின், அந்தப் பெரிய மனிதர் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். அதற்குக் கடவுள் பிரசங்கமா அனுப்பினார்? தழலில் சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் அனுப்பினார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதன் அவரைத் தூங்கவிட்டான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அதன்பின்தான் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போனார். கடவுள் அவரோடு பேசியது அதற்கும் பிறகு!

யோபுவின் மூன்று நண்பர்களை நாம் எப்போதும் குறை சொல்வோம். ஆனால் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம் உண்டு. ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் பிழைவிட்டது எட்டாம் நாளில், வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோது. புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம் விழுந்தது அந்த விளக்கங்களின் மேல்தான்.

அன்பானவர்களே, இந்தப் பாடத்தை நம் கண்டி மண்ணிலேயே வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. இங்கிருந்து சில மைல் தூரத்தில், கண்டி நகரில், சிறையிலிருந்தார், நோயாளிகளைத் தூக்கினார், செத்தவர்களைப் புதைத்தார், அங்கேயே இறந்தார். அவர் பெயர் யோசப் வாஸ்.

கோவாவில் பெனோலிம் என்ற ஊரில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்தவர். 1676இல் குருவானார். அவர் வளர்ந்த காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை என்ன? 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டுக்குள் வரக்கூடாது. வந்தவருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. கோயில்கள் பறிபோயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஆளில்லை. குழந்தை பிறந்தது, கிழவர் செத்தார், கலியாணம் நடந்தது, குரு இல்லை. இருந்தும் செபமாலை வீட்டுக்குள் உருண்டது. அந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியபோது, போகவேண்டும் என்று துடித்தவர் இவர்.

எப்படி வந்தார் தெரியுமா? குருவின் அங்கியைக் கழற்றிவிட்டு, கூலியாளின் கிழிசலை உடுத்திக்கொண்டு, யோவான் என்ற ஓர் உதவியாளோடு தூத்துக்குடியில் தோணி ஏறினார். 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் மிஷனரி மாதிரி இல்லை. சாகக் கிடக்கும் பிச்சைக்காரர் மாதிரி இருந்தார். கடல் பயணத்தில் வயிற்றுளைவு பிடித்துவிட்டது. தொற்றும் என்ற பயத்தில் ஊரார் அவரை ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அங்கே அவரைக் காப்பாற்றியது யார்? ஒரு பெண். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்பவர்கள், ஒரு பெண் இரக்கப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான். அவள் பெயர் தெரியாது. அவள் எந்தச் சமயம் என்றும் தெரியாது. குருவென்று தெரிந்து கொடுக்கவில்லை, புனிதரென்று தெரிந்து கொடுக்கவில்லை. பசித்துக் கிடந்த ஒரு மனிதனுக்குக் கொடுத்தாள்.

சற்று நின்று யோசியுங்கள். இந்த நாட்டின் கத்தோலிக்க விசுவாசத்தைத் திருப்பிக் கட்டியெழுப்பிய மனிதர், இந்த நாட்டில் முதலில் பெற்றது ஒரு பெண் தந்த கஞ்சியை. கொடுக்க வந்தவர் முதலில் வாங்கிக்கொண்டார். உதவ வந்தவர் முதலில் உதவி பெற்றார். பின்னாளில் கண்டியில் அவர் செய்தது அத்தனையும் அந்தக் கஞ்சியிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

உடம்பு தேறியதும் என்ன செய்தார்? கழுத்தில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்து கிடந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்துவைத்தது. இரவில் திருப்பலி, பகலில் தலைமறைவு. குரு இல்லாத வேளையில் செபத்தை நடத்த அண்ணாவிமாரையும் மூப்பர்களையும் தயாராக்கினார்.

ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்ததா? இல்லை. இதை மறைத்துப் பேசுவது விசுவாசிகளுக்குச் செய்யும் துரோகம். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் வீடுகளைச் சுற்றி வளைத்தார்கள். ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் தப்பினார். தொன் பேதுரு என்பவர் தப்பவில்லை. சாட்டையடியின் காயத்திலேயே செத்தார். அவரோடு பிடிபட்ட வேறு சிலர் கோட்டையில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

தப்பிய குருவின் மனம் அந்த இரவுக்குப்பின் எப்படி இருந்திருக்கும்? தனக்கு இடம் கொடுத்த மக்கள் அடிபடுகிறார்கள், தான் உயிரோடிருக்கிறேன் என்ற எண்ணம் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்? போரில் தப்பியவர்கள், மண்சரிவில் தப்பியவர்கள், குண்டுவெடிப்பில் தப்பியவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுக்கு இந்தப் பாரம் தெரியும். அடிகளார் அதைச் சுமந்துகொண்டே புத்தளம் பக்கம் போனார். நடந்தார். வெறுங்காலோடு காட்டு வழியே நடந்தார். 1692இல் கண்டிக்கு வந்தார்.

கண்டியில் நடந்தது என்ன? வந்தவுடன் சிறை! அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சுக்காரரான லனரோல் என்பவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் சொல்லிவிட்டார். மன்னனின் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. போர்த்துக்கேயர் இந்த மலைநாட்டின் மேல் திரும்பத் திரும்பப் படையெடுத்தவர்கள். கோயில்களை இடித்தவர்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியவர்கள். அன்று துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்குக் கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். அவர்களில் பெரும் பகுதியினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கண்டி இராச்சியத்து ஊர்களில் முஸ்லிம்கள் வைத்தியராகவும் வணிகராகவும் தவளமாடு ஓட்டுபவராகவும் வாழ்ந்தார்கள். மடவளை மக்களுக்கு இந்த வரலாறு புதிதல்ல.

அதே இராச்சியந்தான் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கருக்கும் பின்னர் நிழல் கொடுத்தது. ஒரு காலத்தில் கிறிஸ்தவர் கையால் அடிபட்ட முஸ்லிம்களுக்குப் பௌத்த மன்னன் இடம் கொடுத்தான். பின்னொரு காலத்தில் கிறிஸ்தவர் கையால் அடிபட்ட கிறிஸ்தவருக்கும் பௌத்த மன்னன் இடம் கொடுத்தான். துன்பத்தைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர் இந்த உண்மையை நன்றியோடும் வெட்கத்தோடும் நினைவில் வைக்கவேண்டும்.

சிறையிலிருந்த அடிகளார் என்ன செய்தார்? தமிழ் ஏற்கெனவே பழகியவர் இப்போது சிங்களம் கற்றார். ஒரு சிறு குடிசையைச் செபக்கூடமாக்கினார். கண்டியில் ஒளிந்தும் ஒளியாமலும் இருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கே வரத் தொடங்கினர். காவலர்களும் பார்த்தார்கள்: இந்த மனிதரிடம் ஒற்றனின் கண் இல்லை. காலப்போக்கில் கட்டு தளர்ந்தது. மன்னனின் மனமும் தளர்ந்தது.

அடிகளாரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் மழை அற்புதத்தைச் சொல்வார்கள். கடும் வரட்சி வந்ததாம், அவர் சிலுவைமுன் செபித்தாராம், மழை கொட்டியதாம். அது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை, பக்தியோடு சொல்லட்டும். ஆனால் இன்று நாம் தங்கிப் பார்க்கவேண்டியது அடுத்து வந்த பெரியம்மையைத்தான்.

1697. கண்டியில் பெரியம்மை பரவுகிறது. தடுப்பூசி என்ற ஒன்று உலகம் அறியாத காலம். நோய் கண்டவரை வீட்டார் கைவிட்டார்கள். காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அரசன் நகரை விட்டுப் போனான். பிரதானிகளும் போனார்கள். போகக் காலிருந்த எல்லோரும் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை உண்டா? கொவிட் காலத்தில் நாமும் கதவைச் சாத்தினோம், அயல்வீட்டுக்காரர் இருமினால் பயந்தோம். பயம் மனித இயல்பு.

இரண்டு பேர் போகவில்லை. ஒருவர் யோசப் வாஸ். மற்றவர் அவருடைய மருமகன், கோவாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த குரு, யோசப் கார்வாலோ. இருவரும் கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப் போனார்கள். ஆளில்லாத வீடுகளிலும் குடிசைகளிலும் அவர்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். புண்ணைக் கழுவினார்கள். சோறு ஊட்டினார்கள். செத்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். கத்தோலிக்கரா என்று கேட்டுப் பார்த்து ஊட்டவில்லை. பௌத்தர் இருந்தார், மற்றவர் இருந்தார், எல்லோருக்கும் ஒரே பராமரிப்பு. இப்படி ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மாதக்கணக்கில்!

நகருக்குத் திரும்பிவந்த மன்னன் கேட்டறிந்ததும் பார்த்ததும் எதை? ஒற்றன் என்று அடைக்கப்பட்ட மனிதர், தன் குடிமக்களின் பிணங்களைத் தோளில் சுமந்திருக்கிறார். அதற்குப்பின் அவருக்கு இராச்சியம் முழுவதும் நடமாட வழி கிடைத்தது. எந்த விவாதத்தாலும் கிடைக்காத சுதந்திரம் சேவையால் கிடைத்தது.

இப்போது ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்துக் குடிசையில் தனக்குக் கஞ்சி கிடைத்ததைப் பெரியம்மைக் குடிசையில் அவர் மறந்திருப்பாரா? தொற்றும் என்று எல்லோரும் ஒதுக்கிய வேளையில் ஒருத்தி தன்னிடம் வந்தாள். தொற்றும் என்று எல்லோரும் ஒதுக்கிய வேளையில் இவர் மற்றவரிடம் போனார். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்திலேயே இதைத்தான் சொல்கிறார்: நமக்குக் கிடைக்கும் ஆறுதல் நம்மோடு நிற்பதற்குத் தரப்பட்டதில்லை, துன்பப்படும் அடுத்தவருக்கு நாம் கொடுப்பதற்காகவே தரப்பட்டது. பவுலே பலமுறை சிறையிருந்தவர். பிலிப்பியருக்கு அவர் எழுதிய, மகிழ்ச்சி ததும்பும் கடிதம் விலங்கு பூட்டிய கையால் வந்தது.

1711 ஜனவரி 16ஆம் திகதி அடிகளார் கண்டியில் இறந்தார். அவர் தேடிப்போன கத்தோலிக்க ஊர்கள் பல. போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தோர் வாழ்ந்த மாத்தளைப் பக்கத்து வஹாகோட்டையும் அவற்றில் ஒன்று. அவருக்கு உதவ 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, மக்களின் செபத்துக்கு மொழி கொடுத்தார். 1995 ஜனவரி 21இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பில் யோசப் வாஸை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாள் பிற்பகலில் பாப்பரசர் எங்கே போனார்? மடுவுக்கு!

மடு என்றால் நமக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் மரியன்னையின் திருச்சொரூபத்தோடு காட்டுக்குள் போய்த் தங்கிய இடம். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த வளாகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அங்கேயே எறிகணை விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது, ஆகஸ்டில்தான் திரும்பியது. அகதிகளைத் தேற்றிய அன்னையே அகதியானாள் என்று வன்னி மக்கள் சொல்லும்போது அதில் புலம்பலும் உண்டு, நெருக்கமும் உண்டு. நம்மோடு நடக்கிறாள் என்ற நெருக்கம்.

நம் மலைநாட்டுக்கு வருவோம். தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களின் பாட்டன் பூட்டன்மார் எப்படி வந்தார்கள்? தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1854இல் அங்கிலிக்கன் சபையினர் கண்டியை மையமாக வைத்து அந்த மக்களுக்காகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து, லயத்துக்கு லயம் நடந்தார்கள். தோட்டத்துரையின் பங்களாவில் தங்காமல், மக்களோடு மக்களாகத் தம் மொழியிலேயே பேசிய அந்த உபதேசியார்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

1972இல் கண்டியில் யேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்து உழைக்கும் இடமாக அதை வளர்த்தார். குடியுரிமை பறிபோன தோட்ட மக்களின் துயரத்தைப் படித்தார், எழுதினார், அவர்களோடு நின்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலேயே தோட்டங்களில் பட்டினிச் சாவு வந்தது. மூத்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். அன்று ஒரு சேர் அரிசியும் ஒருவர் வந்து நின்றதும் எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தவர்கள் திரும்பி வந்தபோது வீடே இல்லை. அங்கே ஓடிவந்தவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. யோசப் வாஸ் அடிகளார் பிறந்த அதே ஏப்ரல் 21. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் தேவாலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்திருந்த சிறுவர்கள் இறந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு நாம் என்ன சொல்வோம்? எல்லாம் நன்மைக்கே என்றா? அப்படிச் சொல்லும் வாயை மூடிக்கொள்வதே விசுவாசம்.

அடுத்த வாரங்களில் என்ன நடந்தது? குற்றமற்ற முஸ்லிம் குடும்பங்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் எரிந்த தீயைக் கண்ட இந்தப் பகுதி மக்களுக்கு அந்த அச்சம் நன்றாகத் தெரியும். அந்த வேளையில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம் சகோதரர்மேல் கைவைக்காதீர்கள் என்று தம் மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பழிவாங்கக் கிளம்பவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கொச்சிக்கடைத் திருத்தலம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. அங்கே பழையபடி எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்ற வருகிறார்கள்.

இத்தனை கதைகளிலும் ஓடும் இழை உங்களுக்குத் தெரிகிறதா? தொன் பேதுருவைக் காப்பாற்ற அற்புதம் வரவில்லை. மடுவில் எறிகணை திசை மாறவில்லை. சீயோனின் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் துன்பம் வராது என்று வாக்குக் கொடுத்ததேயில்லை. சிலுவையில் தொங்கியவரைப் பின்பற்றுபவர்கள் அப்படி எதிர்பார்க்கவும் முடியாது. அது கொடுத்த வாக்கு, துன்பத்தில் நீ தனியாக இல்லை என்பது. அந்த வாக்கைக் கடவுள் நிறைவேற்றும்போது பெரும்பாலும் ஒரு மனிதரை அனுப்பித்தான் நிறைவேற்றுகிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணை அனுப்பினார். கண்டியில் வாஸையும் கார்வாலோவையும் அனுப்பினார். லயங்களுக்கு உபதேசியார்களை அனுப்பினார். மடவளைக்கும் வத்துகாமத்துக்கும் யாரை அனுப்பப் போகிறார்?

ஆகவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் நோயாளிகளையும் தனித்திருக்கும் முதியோரையும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு சிறு குழு அமையட்டும். போகும்போது பிரசங்கக் குறிப்பு வேண்டாம், சாப்பாட்டுப் பாத்திரம் போதும். இரண்டாவது, அந்தக் குழு கதவைத் தட்டும் வீட்டின் சமயத்தைக் கேட்க வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடும் விகாரைப் பிக்குமாரோடும் கோவில் பரிபாலன சபையோடும் சேர்ந்து, யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, துன்பத்தில் இருப்பவர்களே, உங்களுக்கு. உதவி வந்தால் கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். யோசப் வாஸ் அடிகளாரே முதலில் வாங்கித்தான் சாப்பிட்டார்.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் இன்று வெளியேறும் முன் வாசலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். அடிகளார் நினைவு நாளான ஜனவரி 16 வரும்போது, நாம் சொன்னதைச் செய்தோமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.